மூத்தவாப்பாவின் இரண்டரைப் பரப்புக் காணி



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். முடிந்தால் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். எங்கள் குடும்பத்துக் கதையைத்தான் எழுதுகிறோம். ஆனால் சோனகத் தெருவிலும் பொம்மைவெளியிலும் புத்தளம் தில்லையடியிலும் இருக்கிற பலருக்கு இது தங்கள் கதையாகவும் தெரியலாம்.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர்கள். சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு வரும்போது வருடாவருடம் ஒரே மாதிரிக் கேள்விதான் வரும். ஒருவர் தன் காணியில் மூன்றில் ஒன்றை மனைவிக்குக் கொடுத்தார், மீதியில் பாதியை மகனுக்குக் கொடுத்தார், எஞ்சியது எவ்வளவு? பிள்ளைகள் கரும்பலகையில் செய்து காட்டுவார்கள். சரி போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம்.

ஒருநாள் ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான்.

"சேர், கணக்கில வாற ஆக்கள் எல்லாம் உயிரோட இருக்கேக்கயே பிரிச்சுக் குடுக்கினம். எங்கட வீட்டில ஏன் ஒருத்தரும் அப்பிடிச் செய்யேல்ல?"

வகுப்பு சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரம்தான் எங்கள் குடும்பத்துக் காணி விடயமாக ஐந்தாவது தடவை சட்டத்தரணியிடம் போய் வந்திருந்தோம்.

ஐந்துசந்திக்குக் கிட்ட எங்கள் மூத்தவாப்பாவுக்கு இரண்டரைப் பரப்புக் காணியும் ஒரு கல்வீடும் இருந்தன. இரண்டரைப் பரப்பு என்றால் 25 பேர்ச். காணி அவருடைய உழைப்பில் வாங்கியது. முன்பக்கத்து விறாந்தையும் இரண்டு அறைகளும் பெரியவாப்பா சவூதியில் ஆறு வருடம் நின்று உழைத்த காசில் கட்டியவை. உறுதி மூத்தவாப்பாவின் பேரில் இருந்தது. தன் காசு எவ்வளவு போனது என்று பெரியவாப்பா ஒரு துண்டுக் கடதாசியில்கூட எழுதி வைக்கவில்லை. வாப்பாவுக்கும் மகனுக்கும் இடையில் என்ன கணக்கு என்று விட்டிருப்பார்.

1990 ஒக்டோபர் 30 உங்களுக்குத் தெரியும். காலையில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீட்டுக்கொருவர் ஜின்னா மைதானத்துக்குப் போனார்கள். இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போகவேண்டும் என்ற கட்டளையோடு திரும்பி வந்தார்கள். எங்களில் மூத்தவருக்கு அப்போது பதின்மூன்று வயது, கடைசித் தங்கச்சி கைக்குழந்தை. மூத்தம்மா அடுப்பில் இருந்த சோற்றை இறக்கி மூடி வைத்துவிட்டுத்தான் வந்தா. பின்னேரம் திரும்பி வருவோம் என்று நினைத்தாவாக்கும். வட மாகாணம் முழுவதிலுமிருந்து அந்த ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். அவர்களில் எங்கள் வீட்டார் பதினாறு பேர்.

உறுதிகள் தேக்கு அலுமாரியில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தன. அதை எடுக்கவில்லை. நகையையே வழியில் கழற்றி வாங்கினார்கள், உறுதியை யார் நினைப்பது?

புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வாழ்க்கை தொடங்கியது. 1994இல் பெரியவாப்பா மாரடைப்பில் மௌத்தானார். அவருக்கு மூன்று பிள்ளைகள், மூத்தவனுக்கு ஒன்பது வயது. மூன்று வருடம் கழித்து, 1997இல், மூத்தவாப்பாவும் போய்விட்டார். 2006இல் மூத்தம்மா. 2015இல் எங்கள் வாப்பா. இந்த நாலு பேரில் ஒருவர்கூட ஒரு வரி எழுதி வைக்கவில்லை.

இனி அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

இலங்கையில் ஒரு முஸ்லிம் இறுதி விருப்பாவணம் எழுதாமல் மௌத்தானால் அவருடைய சொத்து 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டத்தின்படி பிரியும். அவர் எந்த மத்ஹபைச் சேர்ந்தவரோ அந்தச் சட்டம்தான் அவருக்கு. எங்களுக்கு ஷாஃபிஈ. பக்கத்து வீட்டுத் தமிழ் ஆட்களுக்கு தேசவழமை. ஒல்லாந்தர் 1706-07இல் தொகுத்த வழக்கம் அது. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று அவர்களுடைய கணக்கு வேறு. ஒரே வேலி, இரண்டு பக்கமும் இரண்டு சட்டம். இது எங்களில் பலருக்குத் தெரியாது. "பக்கத்து வீட்டில் அப்படித்தான் செய்தார்கள்" என்று சொல்லிக்கொண்டு நாங்களும் செய்ய வெளிக்கிடுகிறோம்.

மூத்தவாப்பா மௌத்தான அன்று உயிரோடு இருந்தவர்கள் மூத்தம்மா, எங்கள் வாப்பா, சாச்சா, மாமிமார் இரண்டு பேர். மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி எட்டில் ஏழு பிள்ளைகளுக்கு, ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒன்று. பிறகு மூத்தம்மாவும் மௌத்தாக அவவின் பங்கும் அதே பிள்ளைகளுக்கே வந்தது. கூட்டிப் பார்த்தால் வாப்பாவுக்கு மூன்றில் ஒன்று, சாச்சாவுக்கு மூன்றில் ஒன்று, மாமிமாருக்கு ஆறில் ஒன்று வீதம்.

வாப்பா மௌத்தான பிறகு அவருடைய மூன்றில் ஒன்று எங்கள் உம்மாவுக்கும் ஐந்து பிள்ளைகளான எங்களுக்கும் பிரிந்தது. உம்மாவுக்கு 24இல் ஒரு பங்கு. ஆண்கள் இருவருக்கும் 24இல் இரண்டு பங்கு வீதம். பெண்கள் மூவருக்கும் 24இல் ஒரு பங்கு வீதம். எங்கள் தங்கச்சிக்கு வந்தது ஒரு பேர்ச்சுக்குச் சற்றுக் கூட, 280 சதுர அடி. ஒரு நல்ல அறையின் அளவு. அந்தத் துண்டுக்கு எந்த மாநகர சபையும் பிரிவு வரைபடம் அங்கீகரிக்காது. அதில் வீடு கட்டவும் முடியாது, அதை விற்கவும் ஆள் கிடையாது.

இதில் பெரியவாப்பாவின் மூன்று பிள்ளைகளுக்கு என்ன வந்தது? ஒன்றுமில்லை. பூச்சியம்.

அவர்களுடைய வாப்பா மூத்தவாப்பாவுக்கு முன்பே மௌத்தாகிவிட்டார். மூத்தவாப்பாவுக்கு வேறு ஆண்மக்கள் உயிரோடு இருந்தார்கள். அப்படி இருக்கும்போது இறந்த மகனின் பிள்ளைகள் வாரிசாக வரமாட்டார்கள். வீட்டின் முன்பக்கத்தைக் கட்டியவரின் பிள்ளைகள் அந்த வீட்டுக்கு அந்நியர் ஆனார்கள்.

இதைக் கேட்டவுடன் சிலர் மார்க்கத்தைக் குறை சொல்ல வருவார்கள். எங்களுக்கும் ஒரு காலத்தில் மனதுக்குள் அந்தக் கேள்வி இருந்தது. ஒரு மௌலவியிடம் போய்க் கேட்டோம். அவர் திருப்பிக் கேட்டார், "உங்கட மூத்தவாப்பாட கையில மூன்றில ஒரு பங்கை அல்லாஹ் விட்டு வச்சிருந்தானே, அதை அவர் என்ன செய்தார்?"

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. வாரிசு அல்லாதவருக்கு மூன்றில் ஒன்று வரை வஸிய்யத் செய்ய மார்க்கம் இடம் தந்திருக்கிறது. 25 பேர்ச்சில் மூன்றில் ஒன்று எட்டுப் பேர்ச்சுக்கு மேல். பெரியவாப்பா உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு வந்திருக்கக் கூடியது நாலில் ஒன்று, அதாவது ஆறேகால் பேர்ச். அந்த ஆறேகாலையும் பேரப்பிள்ளைகளுக்கு எழுதி வைத்திருந்தால் எல்லைக்குள்தான் இருந்திருக்கும். மற்றப் பிள்ளைகளுக்கும் அநியாயம் நடந்திருக்காது. இந்தப் பிரச்சினை எங்களுக்கு மட்டும் வந்ததல்ல. எகிப்தில் 1946இல் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். இறந்த மகனின் பங்கு, மூன்றில் ஒன்றைத் தாண்டாமல், அவர் பிள்ளைகளுக்கு வஸிய்யத்தாகக் கட்டாயம் போகும். பாகிஸ்தானில் 1961இல் வேறு வழியில் சட்டம் செய்தார்கள். இலங்கையில் அப்படி ஒன்றும் இல்லை. இங்கே பேரப்பிள்ளைகளுக்குக் கிடைப்பதும் கிடைக்காததும் மூத்தவாப்பாவின் பேனையில்தான் இருக்கிறது.

மூத்தவாப்பா நினைக்காமல் இருக்கவில்லை. மூத்த மாமி சொல்கிறா, கொட்டிலில் படுத்துக் கிடந்த கடைசி நாட்களில், "மேற்குப் பக்கத் துண்டு அவன்ட பிள்ளைகளுக்கு" என்று இரண்டு தரம் சொன்னாராம். சின்ன மாமியும் கேட்டிருக்கிறா. ஆனால் நாட்டுச் சட்டத்தில் காணிக்கு வாய்ச்சொல் பெறாது. இறுதி விருப்பாவணம் என்றால் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேண்டும். 1840ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் அதைத்தான் சொல்கிறது. ஓலைக் கொட்டிலில் சொன்ன சொல்லுக்கு இரண்டு பெண்மக்களின் ஞாபகம்தான் சாட்சி.

வாப்பா மௌத்தான மறுவருடம் நாங்கள் காணியைப் பிரிக்க வெளிக்கிட்டோம். வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போன இடத்தில் முதல் கேள்வி, "காணி யாருடைய பேரில?" பதில், 1997இல் மௌத்தான ஒருவருடைய பேரில். அடுத்த கேள்வி, "உறுதி எங்க?" பதில், தகரப் பெட்டியில். அந்தப் பெட்டி எங்கே என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

பாதை திறந்த பிறகு 2003இல் வாப்பாவோடு முதல் தடவை வந்து பார்த்தபோதே வீட்டில் ஓடில்லை, நிலையில்லை, யன்னலில்லை. நடு அறைக்குள் வேம்பு வளர்ந்து நின்றது. வாப்பா வேம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "சுவர் இருக்குது, போதும்" என்றார். அன்றைக்கே உறுதியின் பிரதிக்கு அலைந்திருக்கலாம். அலையவில்லை. அந்தக் குறை எங்களுடையதும்தான்.

எங்களுக்கு உதவியது பக்கத்து வளவு ஐயா. ஓய்வுபெற்ற தபாலதிபர். தன்னுடைய உறுதிக் கட்டை எடுத்துக்கொண்டு அவராகவே வந்தார். "தம்பியவை, உங்கட காணியும் எங்கட காணியும் எங்கட பேரன் காலத்தில ஒரே வளவு. பேரும் ஒண்டுதான். என்ர உறுதியில பதிவு இலக்கம் கிடக்கு, அதைப் பிடிச்சு மேல போங்கோ" என்றார். அவருடைய உறுதியில் வடக்கு எல்லை என்ற இடத்தில் எங்கள் மூத்தவாப்பாவின் பேர் இருந்தது. அந்தப் பேரை அச்சில் பார்த்ததும் எங்களில் ஒருவருக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

இது பலருக்கும் பயன்படும் என்பதால் விளக்கமாக எழுதுகிறோம். காணி உறுதியின் ஒரு பிரதி வாங்கியவரிடம் இருக்கும். நொத்தாரிசு இன்னொரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அதனால் வீட்டுப் பிரதி எரிந்தாலும் தொலைந்தாலும் காணி தொலைந்ததாக ஆகாது. பதிவேட்டில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு பக்கம் இருக்கும். காணி பிரிந்தால் புதுப் பக்கம் திறந்து பழைய பக்கத்தைக் குறித்து வைப்பார்கள். ஐயாவின் பக்கத்திலிருந்து தாய்க் காணியின் பக்கத்துக்கும், அங்கிருந்து எங்கள் பக்கத்துக்கும் போனோம். உறுதியின் அத்தாட்சிப்படுத்திய பிரதி கையில் கிடைத்தது. உறுதி இல்லை என்று கைவிட்டவர்கள் ஒருதரம் இப்படிப் பக்கத்துக் காணியைப் பிடித்துத் தேடிப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருவர் காணியைப் பத்து வருடம் தடையில்லாமல், உரிமையாளருக்கு எதிராக ஆண்டால் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி அவர் உரிமை கேட்கலாம். ஊரில் இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய பயம். ஆயுதக் குழுக்களின் செயலால் நீதிமன்றம் போக முடியாமல் இருந்தவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் ஒன்று வந்தது. 1983 மே 1இலிருந்து 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பதே அதன் சாரம். அதன்படி வழக்குப் போடுவதற்கும் கால எல்லை வைத்திருந்தார்கள். எத்தனை பேர் அறிந்து பயன்படுத்தினோம்? சட்டம் வந்த செய்தியையே எங்களில் பலர் பிந்தித்தான் கேள்விப்பட்டோம்.

உறுதி கிடைத்தது. இனிக் குடும்பம்.

பெரியவாப்பாவின் பிள்ளைகளுக்கு நாலில் ஒன்றைக் கொடுப்போம் என்று நாங்கள் சொன்னோம். அதற்கு ஒரு சுலபமான வழி இருந்தது. எல்லோரும் தங்கள் தங்கள் பங்கில் நாலில் ஒன்றை விட்டால் சரியாக ஆறேகால் பேர்ச் வரும். கணக்கு எங்களுக்கு லேசாகத் தெரிந்தது. மனிதர்களை அப்படிப் பிரிக்க முடியவில்லை.

சாச்சா மறுத்தார்.

"2010இல இருந்து ஆர் இந்தக் காணியைத் துப்பரவு செய்தது? ஆர் சோலைவரி கட்டினது? கிணறு இறைச்சது ஆர்? நீங்க எல்லாரும் புத்தளத்திலயும் வெளிநாட்டிலயும் இருந்திட்டு இப்ப தருமம் செய்ய வாறீங்க. என்ர பங்கில செய்யாதீங்க" என்றார்.

எங்களுக்குக் கோபம் வந்தது. இரண்டு மாதம் அவரோடு கதைக்கவில்லை. பெருநாளுக்குக்கூடப் போகவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். பிறகு உம்மாதான் சொன்னா, "அவர் கேட்டதில ஒரு பொய்யும் இல்லையே. முதல்ல அவர்ட கடனைக் குடுங்க." அதுவரை நாங்கள் அதை ஒரு கடனாகவே நினைக்கவில்லை. சாச்சா ஒரு கொப்பியை எடுத்து வந்தார். சோலைவரி ரசீதுகள் எல்லாம் வருடப்படி ஒட்டி வைத்திருந்தார். பின்னால் அந்த ரசீதுகள்தான் காணி எங்கள் ஆட்சியில் இருந்ததற்கும் சாட்சியாயின. அவர் செலவைக் கணக்குப் பார்த்து எல்லோரும் பங்குப்படி கொடுத்தோம். கொடுத்த அன்றிரவே அவர் தொலைபேசி எடுத்து, "மேற்குப் பக்கம்தானே, அளப்பியுங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சின்ன மாமி கொடுக்கவில்லை. அவ விதவை, கலியாணம் முடிக்க ஒரு மகள் இருக்கிறா. நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை. வாரிசின் பங்கு அல்லாஹ் எழுதிய பங்கு. அதை விட்டுக்கொடு என்று யாரும் யாரையும் நெருக்கக் கூடாது. எங்கள் ஊரில் பெண்மக்களிடம் இந்த நெருக்குதல்தான் அதிகம். "உனக்கு வீடு தந்து கட்டிக் குடுத்தோமே, இதில கையெழுத்தை வை" என்று சொல்லி வாங்கிவிடுவோம். அவர்களும் தாய்வீட்டு வாசல் மூடிவிடும் என்ற பயத்தில் வைத்துவிடுவார்கள். பயத்தில் வைத்த கையெழுத்தை விட்டுக்கொடுப்பு என்று சொல்ல முடியாது. சின்ன மாமியின் பங்கில் குறைந்த ஒரு பேர்ச்சை நாங்களே ஏற்றுக்கொண்டோம். எங்களுக்குள்ளும் முணுமுணுப்பு இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

பிறகு மூன்று மரணங்களுக்கும் மரண அத்தாட்சிப் பத்திரம், பிறப்பு, விவாகப் பதிவுகள், மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்கு. மூத்தவாப்பாவின் பேர் உறுதியில் ஒரு மாதிரி, மரணப் பத்திரத்தில் வேறு மாதிரி. இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கவே மாதக்கணக்காயிற்று. பிரான்சில் இருக்கும் தம்பி இலங்கைத் தூதரகத்துக்குப் போய் அற்றோர்னித் தத்துவம் எழுதி அனுப்பினார். ஒருவர் கையெழுத்து வைக்காமல் நின்றிருந்தால் 1977ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் பிரிவினை வழக்குக்குப் போயிருக்க வேண்டும். பிரிவினை வழக்குப் போட்டவர் தீர்ப்பைப் பார்ப்பதில்லை என்று ஊரில் சொல்வார்கள்.

நன்கொடை உறுதி எழுதும் நாளில் பெரியவாப்பாவின் மூத்த மகன் புத்தளத்திலிருந்து வந்தான். ஒன்பது வயதில் வாப்பாவை இழந்தவன், இப்போது ஓட்டோ ஓட்டுகிறான். நொத்தாரிசு பேர் கேட்டபோது அவன் சொன்னான், "உம்மாட பேரில எழுதுங்க. எங்க மூண்டு பேருக்கும் சம்மதம்." பெரியம்மா இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை. மருமகளுக்கு மாமனார் சொத்தில் பங்கில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் மூன்று பிள்ளைகளையும் அப்பம் சுட்டு வளர்த்தவ அவதான். கையெழுத்து வைக்கத் தெரியாமல் பெருவிரலை வைத்தா.

உறவுகளே, முடிவு நல்லதாக அமைந்தது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இது ஏழு வருடம் எடுத்தது. இதற்காக நாங்கள் சாச்சாவோடு இரண்டு மாதம் முகம் பாராமல் இருந்தோம். மூத்தவாப்பா ஒரு பக்கம் எழுதியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. அவரைக் குறை சொல்லவில்லை. ஊரை இழந்து கொட்டிலில் கிடந்தவருக்கு அந்தக் காணி திரும்பவும் கிடைக்கும் என்ற நம்பிக்கையே இருந்திருக்காது. எங்கள் வாப்பாவுக்கு அந்தச் சாட்டு இல்லை. எங்களுக்கும் இல்லை.

வஸிய்யத் செய்ய வேண்டியது இருக்கிற ஒரு முஸ்லிம் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவு கழிப்பது தகாது என்ற கருத்தில் ரசூலுல்லாஹ் (ஸல்) சொன்ன ஹதீஸ் எல்லோரும் கேட்டதுதான். ஜும்ஆவில் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துவிடுகிறோம். எழுதினால் மௌத்து வந்துவிடும் என்பதுபோல ஒரு பயம். பிள்ளைகள் கேட்டால், "நான் சாகக் காத்திருக்கிறியளோ" என்று பெரியவர்கள் மனம் நோகிறார்கள். அதனால் பிள்ளைகளும் கேட்பதில்லை. ஆகவே பெரியவர்களே முதலில் பேச வேண்டும்.

நாங்கள் அலைந்து அறிந்ததைச் சுருக்கமாக எழுதுகிறோம். உங்கள் காரியத்துக்கு ஒரு நல்ல சட்டத்தரணியையும் பராயிள் தெரிந்த ஒரு மௌலவியையும் சேர்த்துக் கேளுங்கள். ஒருவரை மட்டும் கேட்டால் பாதிதான் தெரியும்.

முதலாவது, கடன். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத், அதன் பிறகுதான் வாரிசுப் பங்கு. மனைவிக்குக் கொடுக்காத மஹரும் கடன்தான். மகன் வீட்டில் போட்ட காசு கடனா அன்பளிப்பா என்று இரண்டு பேரும் உயிரோடு இருக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். பெரியவாப்பாவின் ஆறு வருட உழைப்பு எழுத்தில் இல்லாததால்தான் எங்கேயோ கரைந்து போனது.

இரண்டாவது, வஸிய்யத். வாரிசு அல்லாதவருக்கு, மூன்றில் ஒன்றுக்குள். ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரழி) தன் சொத்து முழுவதையும் கொடுக்கக் கேட்டபோது, மூன்றில் ஒன்று, அதுவே அதிகம் என்று நபியவர்கள் தடுத்தார்கள். நாட்டுச் சட்டத்தில் இந்த எல்லை இறுக்கமாக இல்லை, முழுவதையும் எழுத இடமிருக்கிறது. அந்த இடைவெளியைப் பயன்படுத்தி ஒரு பிள்ளையை வெட்டிவிட எழுதுகிறவர்களையும் பார்த்திருக்கிறோம். இங்கே தப்பினாலும் அங்கே கேள்வி இருக்கிறது.

மூன்றாவது, உயிரோடு இருக்கும்போது கொடுப்பது, ஹிபா. பிள்ளைகளுக்குள் நீதியாகக் கொடுங்கள். 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மீட்க முடியாதது என்று உறுதியில் எழுதாவிட்டால் அந்த நன்கொடையை மீட்கலாம். உறுதியைப் பெறுபவரின் கையில் கொடுப்பதே ஒப்படைத்ததற்குச் சாட்சியாகக் கொள்ளப்படும். மௌத்தாகும் வரை நானே இருப்பேன் என்று சீவிய உரித்து வைத்து எழுதினால் அது பொதுச் சட்டத்தின் கீழ் போய்விடும். எழுதுமுன் நொத்தாரிசிடம் இதைக் கேளுங்கள். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு மருமகள் வீட்டுத் திண்ணையில் இருக்கிற உம்மாமாரையும் எங்கள் தெருவில் பார்க்கிறோம். தலைக்கு மேல் ஒரு கூரையை உங்களுக்கென்று வைத்துக்கொண்டு கொடுங்கள்.

நாலாவது, கடதாசி. உறுதி, வரைபடம், சோலைவரி ரசீது, பிறப்பு இறப்புப் பத்திரங்கள், எல்லாவற்றிலும் பேர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உறுதியின் பதிவு இலக்கத்தைப் படம் எடுத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் அனுப்புங்கள். ஒரு தகரப் பெட்டியை மட்டும் நம்பாதீர்கள். அந்தப் பாடத்தை எங்களைவிட விலை கொடுத்துப் படித்தவர்கள் இந்த நாட்டில் குறைவு.

நாங்களும் எழுதிவிட்டோம். பெரிய சொத்து ஒன்றுமில்லை. அந்தக் காணியில் வந்த சின்னத் துண்டு, இப்போது இருக்கும் வீடு, ஓய்வூதியம் வந்தால் அது. வீட்டில் இருவரும் பிள்ளைகளையும் கூட்டி வைத்துக்கொண்டு, யாருக்கு எவ்வளவு கடன், மூன்றில் ஒன்றுக்குள் யாருக்கு என்ன, காகிதம் எந்த லாச்சியில் என்று வாசித்துக் காட்டினோம். கடைசி மகள் அழுதாள். பிறகு, "சரி வாப்பா, அப்ப அந்த மாமரம் ஆருக்கு?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். ஒரு மணித்தியால வேலை. இருபது வருடமாகத் தள்ளிப் போட்டிருந்தோம்.

வகுப்பில் கேட்ட அந்த மாணவனுக்கு அன்று பதில் சொல்லவில்லை. அடுத்த கிழமை அவனைக் கூப்பிட்டு, "வீட்டில போய் உன்ர அப்பாட்டக் கேள், பயப்பிடாதே" என்று சொன்னோம். கேட்டானா தெரியாது. நீங்கள் அப்பாவாக, வாப்பாவாக இருந்தால் பிள்ளை கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

மேற்குப் பக்கத் துண்டில் அத்திவாரம் போட்டாயிற்று. நடு அறையில் நின்ற அந்த வேம்பு எல்லைக்குள் வந்துவிட்டது. வெட்ட வேண்டாம் என்று பெரியம்மா சொல்லிவிட்டா.

மௌத்தாகிவிட்ட எங்கள் எல்லோருடைய பெற்றோருக்காகவும் துஆச் செய்யுங்கள். வஸ்ஸலாம்.